"மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்க": குழுவில் கேட்பதும் சொல்வதும்

கோவை மாவட்டம் அன்னூர் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்களும் என்னைப் போன்ற மெக்கானிக்குகளும் சேர்ந்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு நானும் ஓர் அட்மின். மோட்டார், பம்பு, போர் (ஆழ்துளைக் கிணறு), பேனல் பெட்டி, சொட்டுநீர் என்று இதுதான் அங்கே பேச்சு. அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்க. என்ன பண்றதுங்க?"

கேட்கிறவருக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இருப்பதாகவே தோன்றாது. அவர் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். பதில் சொல்ல உட்கார்ந்தால்தான் தெரியும், அந்த ஒரு வரிக்குள் எத்தனை கோளாறு ஒளிந்திருக்கிறது என்று. போரில் மட்டம் இறங்கியிருக்கலாம். உள்ளே குழாய் ஜாயிண்ட் விட்டிருக்கலாம். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்து மோட்டார் மட்டும் தனியே சுற்றலாம். தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வோல்டேஜ் கம்மியாக இருக்கலாம். கிணற்று மேட்டில் இருக்கும், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக்காக இருந்தால் இந்தக் கதையே வேறு. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கும், அல்லது பம்பின் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்டு வழியாகக் காற்று இழுக்கும். அவர் எந்த மோட்டார் என்றே சொல்லவில்லையே!

சாதாரணக் கேள்வி என்று நாம் ஒதுக்கித் தள்ளுவதில் பெரும்பாலானவை இப்படிப் பாதி சொன்ன கேள்விகள்தான். மீதிப் பாதியை வெளியே கொண்டுவருவதில் கேட்டவருக்கு ஒரு பங்கு, பதில் சொல்ல வருகிறவருக்கு ஒரு பங்கு. எங்கள் குழுவில் வந்த சண்டைகளில் முக்கால்வாசி, இந்த இரண்டாவது பங்கை யாரும் எடுத்துக்கொள்ளாததால் வந்தவை.

முதலில் கேட்கிறவர் பக்கம் வருகிறேன். "எங்க போருக்கு எத்தனை ஹெச்.பி. போடலாமுங்க?" என்று கேட்பார்கள். உடனே ஒருவர் ஏழரை என்பார், இன்னொருவர் பத்து என்பார், மூன்றாமவர் தன் தோட்டத்தில் அஞ்சே போதும் என்பார். மூவரும் தங்கள் தங்கள் போருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் புதிதல்ல. தண்ணீர் நிற்பது ஆயிரம் அடியில் என்று வையுங்கள். ஏறக்குறைய 305 மீட்டர். அங்கிருந்து வினாடிக்கு ஒரு லிட்டர் மேலே ஏற்ற, தண்ணீரின் எடையைத் தூக்குவதற்கே 3 கிலோவாட் வேண்டும், அதாவது 4 ஹெச்.பி. பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதே தண்ணீர் 300 அடியில் நின்றால் இரண்டரை, மூன்று ஹெச்.பி.யில் வேலை முடிந்துவிடும். ஆகவே போர் எத்தனை அடி ஓட்டியது என்பதை விட, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை இஞ்சு தண்ணீர் (போர் எவ்வளவு தண்ணீர் கொடுக்கும் என்பதை இங்கே இஞ்சில்தான் சொல்வோம்), மேலே வந்த பிறகு தொட்டி எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதுதான் கணக்கு. இதைக் கேள்வியோடு சேர்த்து எழுதிவிட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்லும் குழப்பமே வராது.

அதனால் குழுவின் விவரப் பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். பின் பண்ணினால் முப்பது நாளில் போய்விடுகிறது, விவரப் பகுதியில் போட்டால் அங்கேயே இருக்கும். குறிப்பு இது: "போர் மோட்டாரா, கிணத்து மோட்டாரா? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? எத்தனை ஹெச்.பி.? கோளாறு எப்ப இருந்து? அதுக்கு முன்னாடி ஏதாச்சும் மாறுச்சா, யாராச்சும் கை வெச்சாங்களா? மோட்டார் ஓடும்போது பேனல் பெட்டியோட மீட்டர் ரெண்டையும் ஒரு போட்டோ."

அந்த ஒரு போட்டோ பத்து வரி விளக்கத்துக்குச் சமம். வோல்ட் மீட்டர் 415-க்குப் பக்கத்தில் நிற்கிறதா, 340-இல் தள்ளாடுகிறதா என்று பார்த்தாலே ஒரு பாதி தெரிந்துவிடும். ஆம்ஸ், அதாவது மோட்டார் இழுக்கும் கரண்டு, வழக்கத்தை விட ரொம்ப இறங்கியிருந்தால் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது, இல்லாவிட்டால் கப்ளிங் போய்விட்டது. ஆம்ஸ் குறையாமல் நின்று தண்ணீர் மட்டும் மேலே வரவில்லை என்றால் குழாய் வழியில் எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம். போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முள் தெரியாமல் போகும், கொஞ்சம் சாய்த்து எடுக்க வேண்டும். நேம் பிளேட்டையும் ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போருக்குள் இறக்கிய பிறகு அந்தத் தகட்டைப் பார்க்க முடியாது. பில்லும் பத்து வருஷம் கழித்துக் கையில் இருக்காது.

இன்னொன்று. "ஹலோ", "யாராச்சும் இருக்கீங்களா?", "ஒரு டவுட்டுங்க" என்று தனித்தனியாகப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கேள்வியை முழுசாக ஒரே சேதியில் எழுதிவிட்டுப் போய் மற்ற வேலையைப் பாருங்கள். பதில் சொல்லக்கூடியவர் அப்போது வேறொரு தோட்டத்தில் மோட்டார் ஏற்றிக்கொண்டிருப்பார். அவர் போனை எடுக்கும் நேரத்தில் முழுக் கேள்வியும் கண்ணில் பட வேண்டும். காலை வணக்கப் படங்களையும் நாங்கள் நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். ராத்திரி முறையில் த்ரீ ஃபேஸ் வரும்போது மோட்டார் எடுக்காமல் தவித்து ஒருவர் போட்ட கேள்வி, விடிந்ததும் பூப்படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அவர் பயிர் காய்ந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் சொன்னாலும், அந்தக் குறிப்பைப் பின்பற்றாத கேள்விக்குப் பதில் இல்லை என்று வைத்துவிடக் கூடாது. இதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. டைப் பண்ணித்தான் கேட்க வேண்டும், வாய்ஸ் போடக் கூடாது என்று ஒருமுறை குழுவில் பேச்சு வந்தபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத வராதவர்களுக்குத்தான் கேள்வி அதிகம். மகனோ மகளோ திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்விட, தோட்டத்தை ஒற்றையாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் இங்கே நிறைய.

அப்படி ஓர் ஆத்தா அனுப்பிய வாய்ஸ் இப்போதும் என் போனில் இருக்கிறது. "கண்ணு, சுச்சு போட்டா கிர்ருனு உறுமுது, சுத்தமாட்டீங்குது. பையன் ஊர்ல இல்ல. தென்னம்புள்ளைக்குத் தண்ணி உட்டு நாலு நாளாச்சு சாமி." மாடு கத்தும் சத்தம், காற்றுச் சத்தம், நடுவில் இது. ஹெச்.பி. தெரியாது, மீட்டர் போட்டோ எடுக்கத் தெரியாது. குறிப்பில் கேட்ட எதுவும் அதில் இல்லை. ஆனால் "உறுமுது, சுத்தமாட்டீங்குது" என்பதை விட நல்ல விவரம் ஒரு மெக்கானிக்குக்கு என்ன வேண்டும்?

குழுவில் ஒரு தம்பி திருப்பிக் கேட்டான்: "ஆத்தா, பெட்டியில செகப்பு, மஞ்ச, ஊதான்னு மூணு சின்ன லைட்டு இருக்குமுங்க. மூணும் எரியுதுங்களா?" சிறிது நேரத்தில் பதில் வந்தது: "மஞ்ச எரியல கண்ணு." தம்பி அடுத்த வாய்ஸில் முதல் காரியமாக, "மறுபடி சுச்சு போடாதீங்க ஆத்தா, அப்படியே உட்டுருங்க" என்றான். பிறகுதான் காரணம் சொன்னான். ஒரு ஃபேஸ் இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டால் சில நிமிஷத்தில் காயில் கருகிவிடும். த்ரீ ஃபேஸ் வரும் நேரம்தானா என்று அடுத்து கேட்டுக்கொண்டான். லைன்மேன் வந்து பார்த்தபோது டிரான்ஸ்பார்மரில் ஒரு பீஸ் (ஃபியூஸ்) போயிருந்தது.

அவன் செய்ததில் நான் எடுத்துக்கொண்டது இது. பதிலுக்கு முன் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி. அதுவும் கேட்கப்பட்டவர் நின்ற இடத்திலேயே பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வி. ஏழெட்டுக் கேள்வியை வரிசையாக அடுக்கினால் விசாரணை மாதிரி ஆகிவிடும், ஆத்தா போனை வைத்துவிடுவார். எந்தப் பதில் வந்தால் பாதி காரணங்கள் விலகுமோ, அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதில்தான் அனுபவஸ்தரின் திறமை இருக்கிறது.

கேட்பதற்குத் தயங்குகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயமுத்தூர்ச் சீமை மோட்டாருக்குப் பேர் போனது. இந்தியாவில் முதலில் செய்த மின்மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேதான் செய்தார்கள். பீளமேடு, கணபதி பக்கம் போனால் இன்றைக்கும் பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் கடையும் பட்டறைகள்தான். இப்படிப்பட்ட ஊரில், குழுவில் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஐம்பது வருஷம் பண்ணையம் பார்த்தவர் "ஸ்டார்ட்டர் ஏன் விழுகுதுங்க?" என்று கேட்பது அவருக்குச் சிறிய காரியமே அல்ல. பலமுறை எழுதி அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். சிலர் எனக்குத் தனியாக அனுப்பி, "என்ற பேரு போடாம நீங்களே குழுவுல கேளுங்க" என்பார்கள். நான் கேட்டுவிடுவேன். யார் கேட்டது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

அப்படிக் கேட்ட ஒருவரிடம் ஒரு மெக்கானிக், "இதுகூடத் தெரியாம பண்ணையம் பாக்கறீங்களாக்கும்? மேல பத்துவாட்டி பேசியாச்சு, தேடிப் பாருங்க" என்று எழுதிவிட்டார். பெரியவர் ஒரு பதிலும் போடாமல் குழுவை விட்டுப் போனார். கரண்டு அதிகமானால் மோட்டாரை நிறுத்திவிடும் ரிலேவை ஒரு தடவை ரீசெட் அழுத்தினால் தீரக்கூடிய கோளாறு அது. விஷயம் தெரியாத யாரோ சொன்னதைக் கேட்டு வண்டி வைத்து மோட்டாரை வெளியே எடுத்து, மோட்டாரில் ஒன்றுமில்லை என்று திரும்ப இறக்கியிருக்கிறார். ஆயிரம் அடிக் குழாயை ஏற்றி இறக்கும் கூலி என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு இது பிறகு காதில் விழுந்தது. நானும் இன்னொரு அட்மினும் நேரில் போய்க் கூப்பிட்டோம். "பரவால்லீங்க, உடுங்க" என்றார். இன்னும் சேரவில்லை.

"மேல தேடிப் பாருங்க" என்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். போன சித்திரையில் பேசியது நேற்றுச் சேர்ந்தவர் போனில் இருக்காது. போனில் இருப்பவருக்கும் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரியாது. தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதை நாம் "ட்ரை ரன்" என்று எழுதியிருப்போம், அவர் "காத்துப் புடிக்குது" என்று தேடுவார். பதில் தெரிந்தவர் தன் போனில் நல்ல பதில்களுக்கு ஸ்டார் போட்டு வைத்துக்கொண்டால் எடுத்து அனுப்ப அரை நிமிஷம் ஆகாது. அதற்கும் நேரமில்லை என்றால் பேசாமல் இருந்துவிடலாம், வேறு யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு கோடையிலும் அதே கேள்வி வருகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். கேட்பவர் ஒவ்வொரு கோடையிலும் வேறு ஆள். அவர் போர் வற்றுவது இதுதான் முதல் தடவை.

வாய்ஸில் கேட்டாலும் பதிலை எழுத்தில் ஒரு வரி போட்டுவிடுவது நல்லது. பின்னால் தேடுகிறவருக்கு வாய்ஸ் அகப்படாது.

பதில் சொல்கிறவர்கள் தாங்கள் கையால் செய்து பார்த்ததையும் காதால் கேட்டதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். "எங்க தோட்டத்துல இப்படி ஆச்சுங்க, கெப்பாசிட்டர் மாத்துனதும் சரியாச்சு" என்பது ஒரு ரகம். "கெப்பாசிட்டராத்தான் இருக்கும்" என்பது இன்னொரு ரகம். இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும். இரண்டாவதை நம்பி ஒருவர் காசு செலவழிப்பார். "எனக்குத் தோணுது, உறுதியாத் தெரியாதுங்க" என்று சேர்த்துவிட்டால் யாருக்கும் மரியாதை குறையாது.

தவறான பதிலைத் திருத்துவதில்தான் பக்குவம் வேண்டும், அதுவும் சொன்னவர் வயதில் மூத்தவராக இருந்தால். போர் மோட்டார் கேள்விக்கு ஒரு பெரியவர் "ஃபுட் வால்வைக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டார். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிளில் ஃபுட் வால்வு ஏது? பொடியன்கள் சிரிப்புப் பொம்மைகளைப் போட ஆரம்பித்தார்கள். வழக்கமாக அதிகம் பேசாத ஒரு வயர்மேன் எழுதினார்: "மாமா சொன்னது கிணத்து மோட்டாருக்கு நூத்துக்கு நூறு சரிங்க, முதல்ல அதைத்தான் பாக்கோணும். இவரு போட்டிருக்கறது போர் மோட்டாருங்க, அதனால வேற பாக்கலாம்." பெரியவர் "ஆமா, நான் கிணத்துக்குன்னு நெனச்சுட்டேன்" என்று முடித்துக்கொண்டார். அவர் இன்றைக்கும் குழுவில் இருக்கிறார். பழைய எண்ணெய் இன்ஜின், கிணற்றுப் பம்பு பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தவறான பதிலும் எங்கோ ஓர் இடத்தில் சரியாக இருக்கும். அந்த இடத்தைக் காட்டிவிட்டுத் திருத்தினால் ஆளையும் இழக்க வேண்டியதில்லை, பதிலும் சரியாகிவிடும்.

ஒரே ஒரு வகைப் பதிலுக்கு மட்டும் இந்தப் பக்குவமெல்லாம் பார்ப்பதில்லை, உடனே நீக்கிவிடுகிறோம். ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுகிறது என்று ஒருவர் கேட்பார். "ரிலேவை ஏத்தி வைங்க", "ரிலேவைக் கழட்டி நேராக் குடுங்க", "பீஸ்ல ரெட்டைக் கம்பி போடுங்க" என்று பதில் வரும். வோல்டேஜ் குறைந்தால் அதே பளுவை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்ஸ் எடுக்கும், காயில் சூடாகும். அதைக் கண்டுதான் ரிலே விழுகிறது. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. அதை முடக்கிவிட்டால் மோட்டார் கருகும். ஆள் மேல் கரண்டு பாய்ந்தால் மோட்டாரோடு போகாது. கருகிய மோட்டார் என் கடைக்குத்தான் வரும் என்றாலும், அந்தப் பதிலை ஒரு நிமிஷம்கூட விட்டுவைக்க எனக்கு மனசு வராது. நீக்கிய பிறகு எழுதினவருக்குத் தனியாகப் போன் செய்து காரணம் சொல்லிவிடுவோம்.

பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, கம்பி அறுந்து கிடக்கிறது, கருகிய வாசம் வருகிறது என்றால் குழுவில் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். மெயினை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டு, கம்பி விஷயம் என்றால் கிட்டப் போகாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடுங்கள்: 94987 94987. 2021-இலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிறார்கள். பயிர், பூச்சி, மருந்து அளவு பற்றிக் குழுவில் கேட்பவர்களையும் கிசான் கால் சென்டருக்கு அனுப்பிவிடுகிறோம்: 1800 180 1551. தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. எங்களுக்குத் தெரியாததைத் தெரிந்த இடத்துக்குக் கைகாட்டுவதும் பதில்தான்.

மெக்கானிக்குகளுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். கேள்விக்குக் கீழே விசிட்டிங் கார்டு போடக் கூடாது. முதலில் பதில் சொல்ல வேண்டும், கூலி பேச்சு தனியாக.

கேட்டவருக்குக் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். கோளாறு சரியானதும் கும்பிடு பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எது சரியான காரணம், என்ன செய்தபோது சரியானது என்று ஒரு வரி எழுதினால் பதினைந்து பேர் சொன்ன பதினைந்து யோசனையில் எது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் ஒருவர் கேட்டார்: "ரெண்டு நாளா தண்ணி பாதிதானுங்க வருது. மோட்டார் நல்லாத்தான் ஓடுது." மட்டம் இறங்கிவிட்டது, பம்பு தேய்ந்துவிட்டது, இன்னும் நாலு லென்த் குழாய் இறக்குங்க என்று வரிசையாகப் பதில் வந்தது. மோட்டார் எடுக்கும் வண்டிக்குச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு அவர் வந்துவிட்டார். அப்போது எங்கள் குறிப்பில் இருக்கும் கேள்வியை ஒருவர் கேட்டார்: "ரெண்டு நாளைக்கு முன்னாடி ஏதாச்சும் மாறுச்சுங்களா?" அவர் யோசித்துவிட்டு எழுதினார்: "எங்க தோட்டத்துல ஒண்ணும் இல்லீங்க. ரோட்டோரம் டிரான்ஸ்பார்மர் புதுசா மாத்துனாங்க, அவ்வளவுதான்."

டிரான்ஸ்பார்மர் மாற்றும்போது மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிவிட்டால் அதிலிருந்து கரண்டு எடுக்கும் த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் எல்லாம் தலைகீழாகச் சுற்றும். மாவு மில் மோட்டார் என்றால் போட்டதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். போருக்குள் கிடப்பது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் பார்ப்பது? தண்ணீர் வரும், ஆனால் குறைவாக வரும். ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டாரை எடுக்க விடாத ப்ரிவெண்டரும் கடையில் உண்டு. அவர் பெட்டியில் அது இல்லை. வயர்மேன் வந்து மெயினை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தார்.

அன்று பொழுதோடு அவர் எழுதினார்: "ரெண்டு வயரை மாத்துனோமுங்க, தண்ணி பழையபடி வருது. டிரான்ஸ்பார்மர் மாத்துனதுதான் காரணமுங்க. அந்த டிரான்ஸ்பார்மர்ல இருக்கற மத்தவங்களும் பாத்துக்குங்க." மறுநாள் வெடியால அதே லைனில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழுதியிருந்தார், அவர் போரிலும் அதே கதைதான் என்று. மட்டம் இறங்கிவிட்டது என்று நினைத்து அவர் ஏற்கெனவே குழாய்க்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். கடையில் சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.